ஏணி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கிளார்க் கேபிள் நடித்த ‘கான் வித் த விண்ட்’ படத்தைப் போன வாரம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கையைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஐந்து திருமணங்கள். முதல் இரண்டு மனைவியரும் அவரைவிட 17 வயது மூத்தவர்கள். அவர்களை ஏணியாக வைத்து ஏறிவிட்டு எட்டி உதைத்திருக்கிறார். மூன்றாவது மனைவி கேரோல் லொம்பார்ட் விமான விபத்தில் இறந்தபோது இடிந்துபோயிருக்கிறார். ஆனால் அதன்பிறகும் இரண்டு கல்யாணம். செத்த பிறகு அடக்கம் செய்யப்பட்டதோ லொம்பார்டின் பக்கத்தில். நடிகை லொரெட்டா யங்குடன் ரகசியக் காதல் வேறு. அதில் ஒரு பெண் குழந்தை. இந்த மனிதர் உண்மையில் யாரைத்தான் காதலித்தார்? புரிந்துகொள்ள முயற்ச்சி செய்கிறேன், முடியவில்லை.

ரா., திருநெல்வேலி

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் போட்டிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். லொரெட்டா யங் விஷயத்தை ‘ரகசியக் காதல்’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! 1935-இல் இருவரும் சேர்ந்து ஒரு படத்தில் நடித்தபோது அவர் கருவுற்றார். வயது 22, கல்யாணம் ஆகவில்லை. கேபிளுக்கோ மனைவி இருந்தார். வெளியே தெரியாமல் ஒதுங்கியிருந்து, நவம்பரில் பிள்ளையைப் பெற்று, காப்பகத்தில் விட்டு, பிறகு தத்தெடுப்பதாக ஊருக்கு அறிவித்து, பெற்ற பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டார். குழந்தைக்கு அப்பாவின் காது, விடைத்து நிற்கிற காது. தொப்பி போட்டு மறைத்தார்கள். ஏழு வயதில் அறுவை சிகிச்சை செய்து அந்தக் காதைத் தலையோடு படியவைத்தார்கள். ஜூடி லூயிஸ் என்ற அந்தப் பெண் வளர்ந்து, 1994-இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். அன்று நடந்தது தன் சம்மதத்தோடு நடந்ததல்ல என்று லொரெட்டா முதுமையில் குடும்பத்தாரிடம் சொல்லியிருந்ததாக 2015-இல் அவருடைய மருமகள் வெளியே சொன்னார். மூன்று பேருமே போய்ச் சேர்ந்துவிட்ட காலம். நீங்களும் நானும் இதில் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அதற்குக் காதல் என்று பெயர் வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஒரு குழந்தையின் காதை அறுத்துத் தைத்த கதை ஐயா அது.

லொம்பார்டைப் பற்றி உங்களோடு எனக்குத் தகராறு இல்லை. 1939 மார்ச் 29 அன்று, நீங்கள் பார்த்த அதே படத்தின் படப்பிடிப்பில் ஓய்வு கிடைத்ததும், காரில் அரிசோனாவின் கிங்மன் என்ற சின்ன ஊருக்குப் போய்ச் சத்தமில்லாமல் மணந்துகொண்டார்கள். என்சினோவில் 20 ஏக்கர் பண்ணை. ஒருவரையொருவர் ‘மா’, ‘பா’ என்றுதான் கூப்பிடுவார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகமே வாயைப் பிளந்து பார்த்த ஜோடி, வீட்டுக்குள் நம் திண்ணைத் தாத்தா பாட்டியைப் போல இருந்திருக்கிறது. 1942 ஜனவரியில் போர்ப் பத்திரம் விற்க இண்டியானாவுக்குப் போன லொம்பார்ட் ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்குமேல் விற்றுக்கொடுத்தார். ரயிலில் திரும்பியிருக்கலாம்; சீக்கிரம் வீடு சேர விமானம் ஏறினார். 16-ஆம் தேதி இரவு லாஸ் வேகாஸிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் அது மலையில் மோதியது. 22 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவருடைய தாயாரும் அதில் இருந்தார். லொம்பார்டுக்கு வயது 33. அந்த ஆகஸ்டில் கேபிள், 41 வயதில், விமானப்படையில் சேர்ந்தார். இங்கிலாந்திலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் பறந்தார். அந்தத் துக்கத்தை அளந்து சொல்ல என்னிடம் படி இல்லை.

பிறகும் கல்யாணம் செய்துகொண்டாரே என்கிறீர்கள். செய்துகொண்டால் என்ன? அதன்பின் 18 வருடம் உயிரோடு இருந்த மனிதர். கடைசி மனைவி கே வில்லியம்ஸ் கருவுற்றிருக்கும்போதே 1960 நவம்பரில் இறந்தார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. கணவரை லொம்பார்டுக்குப் பக்கத்தில் வைத்த அந்தக் கல்லறை மண்டபத்துக்கே பிற்காலத்தில் கேயும் போய்ச் சேர்ந்தார். அவர்கள் மூவருக்கும் அங்கே இடம் போதுமானதாக இருக்கிறது. நமக்கெதற்கு வழக்கு?

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. ‘ஏணி’ என்று ஒரு சொல் எழுதினீர்களே, அதற்காக.

1920-களின் தொடக்கத்தில் போர்ட்லண்டுக்கு வந்து சேர்ந்த ஓஹையோக்காரப் பையனை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவன், மரம் வெட்டும் இடத்தில் கூலிக்கு நின்றவன், கடையில் டை விற்றவன். ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் உச்சத்தில் நிற்கும். பல் கெட்டுக் கிடந்தது. மேடையில் எப்படி நிற்பது, எப்படி நடப்பது, ஒன்றும் தெரியாது. ஜோசஃபின் டில்லன் அந்த ஊரில் நடிப்புச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தன் காசைப் போட்டு அவனுடைய பல்லைச் சரிசெய்தார். தலைமுடியைத் திருத்தினார். நிற்கவும் நடக்கவும் பழக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் குரலைக் கீழே இறக்கினார். பாட்டுக் கற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், மந்தர ஸ்தாயியில் குரலை நடுங்காமல் நிறுத்துவது என்ன பாடு என்று. மூச்சு எங்கிருந்து கிளம்ப வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதை ஒருவனுக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுக்கிற பொறுமையை யோசித்துப் பாருங்கள். 1924 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் இருவருக்கும் கல்யாணம். 1930-இல் விவாகரத்து. அதையடுத்து எம்.ஜி.எம். என்ற படநிறுவனம் கேபிளை எடுத்துக்கொண்டது. பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும்.

1933-இல் ஈறில் சீழ் பிடித்து, உயிருக்கே ஆபத்தாகி, பெரும்பாலான பற்களைப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டினார்கள். ஜோசஃபின் காசு போட்ட பல் அதோடு போயிற்று. குரல் போகவில்லை. நீங்கள் பார்த்த படத்தின் கடைசியில், அழுதுகொண்டு நிற்கும் நாயகி ஸ்கார்லெட்டிடம், உனக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வெளியேறுகிறாரே, அப்போது உங்களுக்குச் சிலிர்த்திருக்கும். சிலிர்க்காதவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டார். அந்தச் சிலிர்ப்பு யாருடைய கைவேலை?

ஏணி என்பது மூங்கில். ஏறுகிறவனின் காலை அது திருத்தாது. இந்தப் பெண்மணி காலைத் திருத்தினார். ஒரு நடிகரின் காதல் கதையை எழுதுகிறவர்கள் எத்தனை கட்டில் என்று எண்ணுகிறார்கள். யாரிடம் என்ன படித்தார் என்று ஒருவரும் எண்ணுவதில்லை. அதிலும் பெண் மூத்தவள் என்றால் நமக்குக் கணக்கு உடனே முடிந்துவிடுகிறது: அவளுக்கு ஆசை, அவனுக்குக் காரியம். (இரண்டாவது மனைவி ரியா லாங்ஹம் பணமுள்ள ஹூஸ்டன் சீமாட்டி. அவரைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரியாகவே இருக்கலாம். விட்டுவிடுகிறேன்.)

இந்தச் சொல்லில் நான் இப்படிச் சிக்கிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 1981-இல், என் 23-ஆம் வயதில், மதுரையில் ஓர் அச்சகத்தில் என் முதல் தொகுப்பு ஏறியது. அங்கே மெய்ப்புப் பார்த்தவர் ஓர் அக்கா. நாற்பதைத் தாண்டியவர், தனியாக வாழ்ந்தவர். கேலி புரூஃபை, அதாவது பக்கம் பிரிக்காத மெய்ப்புத் தாளை, நீளமாக மேசையில் விரித்து, ஈரம் காயாத மையில் கை படாமல் இருக்கப் புடவைத் தலைப்பை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படிப்பார். எழுத்துப் பிழை திருத்துவதுதான் அவருக்குக் கூலி கொடுத்த வேலை. ஆனால் என்னை எதிரே உட்காரவைத்து, என் கதையை என்னையே உரக்கப் படிக்கச் சொல்வார். எனக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் பென்சிலால் மேசையைத் தட்டுவார். “இங்கே முடிந்துவிட்டது தம்பி. மிச்சம் எதற்கு?” அவ்வளவுதான் சொல்வார். எட்டு மாதம், வாரத்தில் மூன்று மாலை. நான் எழுதும் வாக்கியம் குட்டையாக இருக்கிறது என்று விமர்சகர்கள் எனக்கு எந்தெந்த வெளிநாட்டு எழுத்தாளர்களையோ காரணம் காட்டியிருக்கிறார்கள். நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

அச்சுக் கோர்க்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். டீக்கடை வரைக்கும் பேச்சு வந்தது. அது காதலா என்று கேட்காதீர்கள். இருந்திருக்கலாம், எனக்குப் பெயர் தெரியவில்லை. பேச்சுக்குப் பயந்து முன்னுரையில் அவர் பெயரை எழுதாமல் விட்டேன். காகிதம் கடனாகக் கொடுத்தவரிலிருந்து அட்டை வரைந்தவர் வரை ஒன்பது பேருக்கு நன்றி சொன்னேன். புத்தகம் வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுவாரம் என்னிடமே திருப்பித் தந்தார், ஒரே ஒரு பக்கத்தில் சிவப்புப் பென்சில் குறியோடு. நன்றி சொன்ன பக்கம். அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது.

கேபிள் என்னைவிட மேல். அவருடைய சொத்தெல்லாம் கேவுக்குப் போயிற்று. ஆனால் வடக்கு ஹாலிவுட்டில் இருந்த ஒரு வீட்டை மட்டும் உயிலில் தனியே பிரித்து ஜோசஃபின் டில்லனுக்கு எழுதிவைத்திருந்தார். விவாகரத்தாகி 30 வருடம் கழித்து. ஜோசஃபின் அதன்பின் இன்னும் பத்து வருடம் வாழ்ந்தார். நான் அந்த முன்னுரையை ஐந்து பதிப்புகளிலும் அப்படியே விட்டிருக்கிறேன். விடுபட்ட ஒற்றை மட்டும் இரண்டாம் பதிப்பில் சேர்த்தேன்.

யாரைத்தான் காதலித்தார் என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? இவ்வளவு எழுதியும் அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை ஏன் திருத்தாமல் போட்டேன் என்பதற்கு வருகிறேன். ‘முயற்ச்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். றகர ஒற்றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று நிற்காது தம்பி. முயற்சி. அந்த அக்கா என் எழுத்தில் முதன்முதலாகச் சுழித்துக் காட்டிய பிழையும் இதுதான்.