சிவப்புப் பட்டில் மறைந்த மடிப்புகள்: எந்தக் கலப்பு முறை உதவும்?

கேள்வி: முகூர்த்தத்தின்போது எடுத்த படத்தில் மணமகளின் குங்குமச் சிவப்புப் பட்டுச்சேலை மடிப்பே இல்லாமல் தட்டையாகத் தெரிகிறது. போட்டோஷாப்பில் பச்சைச் சேனலைச் சிவப்புச் சேனலுடன் ஓவர்லே, சாஃப்ட் லைட் முறைகளில் கலந்தும் பலனில்லை. என்ன செய்வது?

பதில்: படத்தின் சிவப்பு, பச்சை, நீல ஒளியளவுகளை 0 முதல் 255 வரையான மதிப்புகளாகத் தனித்தனியே வைத்திருப்பவைதான் சேனல்கள்; மேலே வைப்பதன் மதிப்பையும் அடியில் இருப்பதன் மதிப்பையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதே கலப்பு முறை. சேலைப் பகுதியில் சிவப்புச் சேனல் 255 என்ற உச்ச மதிப்பை எட்டிவிட்டதால்தான் மடிப்புகள் அழிந்திருக்கின்றன. ஓவர்லே, சாஃப்ட் லைட், ஸ்கிரீன் ஆகிய மூன்று முறைகளின் கணக்கிலும், அடியில் 255 இருந்தால், மேலே எதைக் கலந்தாலும் விடை 255தான். ஆகவே உங்கள் முயற்சியில் பிழையில்லை; அந்த முறைகளால் இந்த இடத்தில் எதையும் மாற்ற இயலாது.

மல்டிப்ளை முறை அந்த 255-ஐ மாற்றும், ஆனால் வேட்டியின் நிழல்கள் போன்ற சாம்பல் பகுதிகளிலும் சிவப்பைக் குறைத்து, அங்கே நீலப்பச்சைச் சாயலை ஏற்றிவிடும். நார்மல் முறை சாம்பலைக் காப்பாற்றும் என்றாலும், பந்தலின் மாவிலையில் பச்சை மதிப்பு சிவப்பைவிட அதிகம் என்பதால் இலைகளை மஞ்சளாக்கிவிடும். இரண்டு மதிப்புகளில் குறைந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் டார்க்கன் முறையில் இந்த இரு தொல்லைகளும் இல்லை. நான் பரிந்துரைப்பது அதையே.

லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, சேனல் பட்டியலில் சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, இமேஜ் மெனுவில் உள்ள அப்ளை இமேஜைத் திறந்து, சேனலாகப் பச்சையையும் கலப்பு முறையாக டார்க்கனையும் 25 சதவீத ஒப்பாசிட்டியையும் (கலவையின் அழுத்தம்) கொடுங்கள். மடிப்புகளில் பச்சை மதிப்பு 20 முதல் 60 வரை மாறுகிறது என்று கொண்டால், 255 ஆக உறைந்திருந்த சிவப்பு இப்போது 196 முதல் 206 வரை மாறும். பத்துப் புள்ளி சிறிய வேறுபாடுதான். ஆனாலும் உச்சத்திலிருந்து இறங்கிவிட்டதால், இனி கர்வ்ஸ் (ஒளி வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொண்டோ, நீங்கள் முதலில் முயன்ற ஓவர்லே கொண்டோ அதைப் பெருக்கலாம். முகத்திலும் சிவப்பு சற்றுக் குறைந்து தோல் மங்கும் என்பதால், லேயர் மாஸ்க்கில் முகத்தையும் கைகளையும் கறுப்பால் மறைத்துவிடுங்கள்.

தொடங்குமுன் பச்சைச் சேனலைத் தனியாகப் பாருங்கள். அதில் சேலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் இரவல் வாங்க அங்கே மடிப்பே இல்லை. நீலச் சேனலில் இருக்கக்கூடும். ஆனால் ஜேபெக் கோப்புகளில் புள்ளிப் புள்ளியான இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான் மிகுதி. அந்நிலையில், ரா கோப்பு (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பு) இருந்தால், அதில் எக்ஸ்போஷரைக் (ஒளியளவை) குறைத்து, அதிலிருந்து படத்தை மீண்டும் உருவாக்குவதே நல்லது.