பல்கலைக்கழகத்தில் சமத்துவம் வளர விழாவும் உறுதிமொழியும் தவிர வேறு என்ன செய்யலாம்?

கேட்டவர் ஒரு மாணவப் பிரதிநிதி. தன் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சம வாய்ப்புக் குழு அமைத்திருக்கிறார்கள், முதல் கூட்டத்தில் கருத்தரங்கு, சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி ஏற்பு ஆகிய மூன்றைத்தான் பேசினார்கள், வேறு என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறார்.

நான் இயற்பியல் ஆசிரியர். இது போன்ற ஒரு குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றுதான் சொல்வேன்: உதவி தேவைப்படும் மாணவரைக் கேட்க வைக்காதீர்கள். அவர் கேட்காமலே கிடைக்கிற மாதிரி நடைமுறையை மாற்றுங்கள். குழுவின் நேரத்தில் பெரும்பகுதி இதற்குப் போகட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே கேட்காமல் இருந்தவன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் முதல் செய்முறைத் தேர்வில், ஆங்கிலத்தில், 'ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ்' என்றால் என்ன என்று கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. ஒளிவிலகல் எண் என்று கேட்டிருந்தால் சூத்திரத்தோடு சொல்லியிருப்பேன். நிறமாலைமானியைப் பற்றிப் பாடமாகவே படித்திருந்தேன். மேசை மேல் இருந்த 'ஸ்பெக்ட்ரோமீட்டர்' அதுதான் என்று தெரிய இரண்டு வாரம் ஆனது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் நான் எங்கிருந்து வருகிறேன் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

இரண்டாம் பருவத்தில் ஒரு ஆசிரியை ஆய்வகக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், மொத்தம் எண்பது வரி இருக்கும். "தமிழ் மீடியம் பசங்க கை தூக்குங்க" என்று அவர் கேட்கவே இல்லை. எல்லாருக்குமாக ஒட்டினார். ஆங்கில வழியில் படித்தவர்களும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பருவத்தில்தான் நான் வகுப்பில் பேச ஆரம்பித்தேன். இன்று என் முதலாண்டு மாணவர்கள் எல்லாருக்கும் முதல் வாரமே அப்படி ஒரு பட்டியல் கொடுக்கிறேன்.

உயர்கல்விக் கதவைத் திறக்கும் வேலையை நம் மாநிலம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. செண்பகம் துரைராசன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பானதும், இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்டு 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. 1994இல் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம். 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். இதெல்லாம் போராடிப் பெற்றவை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே வந்த பிறகு நடப்பது வேறு. தில்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் நிலையைப் பார்க்க அமைத்த தோரட் குழு 2007இல் தந்த அறிக்கையைப் படியுங்கள். விடுதியில் அந்த மாணவர்கள் சில தளங்களில் மட்டும் ஒதுங்கி வாழும் நிலை இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். சேர்க்கைப் பட்டியலில் சமமாக இருந்தவர்கள், மாடிப்படியில் பிரிந்துபோனார்கள்.

சாதி கேட்பதற்கு இன்று நேர்க்கேள்வி தேவையில்லை. "உன் கட் ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டால் போதும். அது தெரியாவிட்டால் அறிவிப்புப் பலகை சொல்லிவிடும். நான் இருந்த இடத்தில் உதவித்தொகைப் பட்டியலைப் பெயர், சாதிப் பிரிவு, தொகை எல்லாம் போட்டுப் பொதுவில் ஒட்டுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எப்போதும் அப்படித்தான் செய்தார்கள். பதிவு எண்ணை மட்டும் போடுங்கள், விவரத்தை மாணவருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள் என்று கேட்டோம். ஒரு வரி உத்தரவு. அதை வாங்க ஒரு கல்வியாண்டு முழுக்க அலைந்தோம். ஆறு ஆண்டுகளில் நாங்கள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது பணம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பல நேரம் பருவம் முடிந்த பிறகுதான் கணக்கில் ஏறும். கட்டண பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்பார்கள். அப்போது அந்த மாணவர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கடிதம் எழுதி, துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி, அலுவலக வாசலில் நிற்பார். தினக்கூலிக்குப் போகிற அப்பாவுக்கு ஒரு நாள் கூலியும் போய்விடும். விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு இருந்தாலே ஹால் டிக்கெட் தானாக வர வேண்டும் என்று விதியை மாற்றினால் இத்தனை அலைச்சலும் நிற்கும். விடுதியில் டிவைடிங் முறையில், அதாவது சாப்பாட்டுச் செலவை மாணவர்களுக்குள் பங்கிட்டு, வரும் மெஸ் பில்லுக்கும் இதே மாதிரி அவகாசம் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் தருகிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, எழுத்தர் உதவியும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பருவமும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு மாணவி, தனக்குப் பார்வை இல்லை என்று ஆறு பருவத்துக்கு ஆறு முறை எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை பதிவு செய்தால் படிப்பு முடியும் வரை செல்ல வேண்டும். இன்னொன்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் அனுப்பிய பாடக்குறிப்புகள் பெரும்பாலும் புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்த படங்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் தமிழையும் வாசிக்கும், ஆனால் அப்படியே கொடுத்தால் படத்தை அதனால் வாசிக்க முடியாது. தட்டச்சு செய்த கோப்பாக அனுப்பினால் போதும். அவருக்காக ஆரம்பித்தோம்; பேருந்தில் கைப்பேசியில் படிக்கும் எல்லாருக்குமே அது வசதியாகிவிட்டது.

பெண்கள் விடுதி விஷயத்தில் உங்கள் கையில் ஏற்கெனவே ஓர் ஆயுதம் இருக்கிறது. நூலகம் இரவு எட்டு மணி வரை, பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கு மூடும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2015இல் வெளியிட்ட விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியருக்கு மட்டும் பாகுபாடான விடுதி விதிகளைப் போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. அதே விதிமுறைகளின்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில், இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலை என மூன்று மாணவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். உங்கள் இடத்தில் அந்தத் தேர்தல் எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

புகாரே வரவில்லை, எங்கள் வளாகத்தில் பிரச்சினையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இன்டர்னல் மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும் வரை எந்த மாணவரும் எளிதில் வாய் திறக்க மாட்டார். புகார் வாங்குபவர் வேறு துறையில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் தாளை வேறொருவர் திருத்த வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் புகார்ப் பெட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம், புராஜெக்ட் குழு, ஆய்வக ஜோடி இவற்றையெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். "நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டால் ஒரே பள்ளி, ஒரே ஊர், ஒரே சாதி என்றுதான் சேரும். கடைசியில் இரண்டு மூன்று பேர் யாரும் கூப்பிடாமல் நிற்பார்கள். அந்த முகங்களை நான் மறக்கவில்லை. குலுக்கலுக்கு முதல் மாதம் முணுமுணுப்பு வரும், அது இயல்புதான்.

திருநர் மாணவர்களுக்கு மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, விண்ணப்பத்தில் ஆண், பெண் கட்டங்களோடு மூன்றாவது கட்டமும் வந்துவிட்டது. அதில் டிக் செய்து சேர்கிறவர் எந்த விடுதியில் தங்குவார், எந்தக் கழிப்பறைக்குப் போவார் என்பதை அவர் வந்து கேட்கும் முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் தரம் குறைந்துவிடும் என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். நான் சொன்னதில் எதுவும் வினாத்தாளைத் தொடவில்லை. எண்பது வரிச் சொற்பட்டியல் கொடுத்த பிறகும் ஒளிவிலகல் கணக்கை மாணவர்தான் போட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மாணவர் சேர்க்கை முதல் தேர்வு வரை எந்தெந்த மேசையில் போய் எதைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரையும், மாற்றுத்திறனாளி ஒருவரையும், விடுதி மாணவி ஒருவரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலை அவர்களே நிரப்பிவிடுவார்கள். அதிலிருந்து ஒரே ஒரு வரியை இந்தப் பருவத்துக்குள் அடித்துவிட முடியுமா என்று குழுவிடம் கேளுங்கள்.