லினக்ஸில் எந்த பிரவுசர்? வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் எந்த பிரவுசரை வைத்துக்கொள்வது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. காசே கொடுக்காத பொருளுக்கு வாங்குவோருக்கான இந்தப் பகுதியில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே மூன்றாவது கடிதத்தைப் படியுங்கள், தெரியும். இந்த முறை முழுக்க பிரவுசர்தான்.

கேள்வி: விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்திருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. நண்பர்கள் எல்லோரும் க்ரோம் போடு என்கிறார்கள். எது சிறந்தது?

பதில்: இருப்பதையே பயன்படுத்துங்கள். லினக்ஸின் வகைகளான உபுண்டு, ஃபெடோரா, டெபியன், மின்ட் எல்லாமே ஃபயர்ஃபாக்ஸோடுதான் வருகின்றன. கணினியின் மற்ற அப்டேட்களைப் போல அதன் அப்டேட்டும் தானாக வந்துவிடும். பிரவுசர் என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், வேகமெல்லாம் அப்புறம். முன்பின் தெரியாத தளங்களின் நிரல்களை நாள் முழுக்க இழுத்து வந்து ஓட்டுகிற மென்பொருள் அது. கண்டுபிடித்த ஓட்டையை உடனே அடைக்காத பிரவுசர் எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்?

க்ரோம் தேவைப்படுகிறவர்களும் உண்டு. வேலை முழுக்க கூகுள் கணக்கில் நடக்கிறது, கைபேசியிலும் க்ரோம்தான், புக்மார்க்கும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் தயங்காமல் க்ரோம் போடுங்கள். அதற்குப் பதில் க்ரோமின் திறந்த மூல வடிவமான குரோமியம் போதுமே என்று யாராவது சொன்னால், 2021 மார்ச்சிலிருந்து அதில் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நண்பர்கள் சொல்கிறார்கள் என்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம்.

கேள்வி: இன்காக்னிட்டோவில் பார்த்தால் அலுவலகத்துக்குத் தெரியாதுதானே?

பதில்: தெரியும். உங்கள் கணினியில் வரலாறு தங்காது, அவ்வளவுதான்.

கேள்வி: லினக்ஸுக்கு க்ரோம் வேண்டும் என்று தேடி, முதலில் வந்த இணைப்பை அழுத்தினேன். டவுன்லோடு செய்ய ஒரு சிறு தொகை கேட்டார்கள். கார்டு எண் கொடுத்தேன். இப்போது மாதாமாதம் பணம் போகிறது. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. அந்தப் பக்கத்தைச் செய்தவர்கள் படவேண்டும், காசு வாங்கிக்கொண்டு அதைத் தேடலின் உச்சியில் வைத்தவர்களும் படவேண்டும். உண்மையான பக்கத்தின் நிறம், எழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் அப்படியே நகலெடுத்து, 'விளம்பரம்' என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் போட்டுவைக்கிறார்கள். பழகியவர்களே ஏமாறுகிறார்கள்.

இன்றே வங்கியைக் கூப்பிட்டு அந்த கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். 'சந்தாவை ரத்து செய்' என்று அந்தத் தளத்தில் இருக்கும் பொத்தானை மட்டும் நம்பி உட்காராதீர்கள். போன தொகைகள் ஒவ்வொன்றையும் எதிர்த்து வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். பல வங்கிகள் இதற்குக் கெடு வைத்திருக்கின்றன, அதனால் தள்ளிப்போட வேண்டாம். தளத்தின் முகவரி, வந்த மின்னஞ்சல், பணம் போன விவரம் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தத் தேடுபொறியிலும் விளம்பரத்தின் மேல் புகார் செய்யலாம், செய்யுங்கள்.

அடுத்தது கணினி. டவுன்லோடு ஆன கோப்பைத் திறக்கவே இல்லை என்றால் அழித்துவிட்டால் போதும். அதை நிறுவும்போது நிர்வாகி பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் கணினி முழுவதையும் அதன் கையில் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆவணங்களைத் தனியாக நகலெடுத்துவிட்டு லினக்ஸைப் புதிதாக நிறுவுங்கள். முக்கியமான பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அதே பக்கம் அவர்கள் தேடும்போதும் வரும்.

மற்ற வாசகர்களுக்கு: ஃபயர்ஃபாக்ஸ், க்ரோம், குரோமியம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா எதற்கும் டவுன்லோடு கட்டணம் கிடையாது. கேட்டால் அது மோசடி. முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின், அதாவது நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் வகையின், சாஃப்ட்வேர் சென்டரில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் தயாரிப்பாளரின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். கூகுளின் தளத்திலிருந்து க்ரோமை ஒருமுறை நிறுவினால் போதும், அது தன் ரெப்போவை (அப்டேட்கள் வரும் மென்பொருள் கிடங்கை) தானே சேர்த்துக்கொள்ளும். அதன்பின் அப்டேட்டும் மற்றவற்றோடு சேர்ந்தே வரும்.

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸை டீஃபால்ட் ஆக வைத்துவிட்டேன். ஆனாலும் மின்னஞ்சலில் வரும் இணைப்புகள் க்ரோமில்தான் திறக்கின்றன.

பதில்: மின்னஞ்சலை எதில் படிக்கிறீர்கள்? க்ரோமிலேயே ஒரு டேபில் என்றால் அதன் இணைப்பும் க்ரோமில்தான் திறக்கும், டீஃபால்ட் எதுவாக இருந்தாலும் சரி. தனி மென்பொருளில் படிக்கிறீர்கள் என்றால் முதலில் அந்த மென்பொருளின் அமைப்புகளைப் பாருங்கள், சில மென்பொருள்கள் இதற்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கும். பிறகு டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் ஆப்ஸ்' பகுதி. அங்கே இரண்டு ஃபயர்ஃபாக்ஸ் தெரிந்தால் ஸ்நாப், ஃப்ளாட்பேக் என்ற இரண்டு வகைப் பொட்டலங்களாக இரண்டு முறை நிறுவியிருக்கிறீர்கள். ஒன்றை நீக்குங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பழக்கம் உண்டு என்றால் எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ் (xdg-settings) என்ற கட்டளை இப்போதைய டீஃபால்ட் எது என்று சொல்லும், மாற்றியும் தரும். க்ரோம் திறக்கும்போது 'என்னை டீஃபால்ட் ஆக்கு' என்று கேட்பதைப் படிக்காமல் அழுத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஆறு பிரவுசர் போட்டிருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் எத்தனை என்று எண்ணவில்லை. எல்லாமே மெதுவாக ஓடுகிறது. புது லேப்டாப் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். எண்ணிப் பார்க்காமல் போட்டவை அதிலும் வந்து உட்காரும்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரல். ஒன்றைச் சேர்க்கும்போது 'எல்லா தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கிறதே, அதைப் படித்தீர்களா? வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. சும்மா கிடக்கும் டேப்களை உறங்க வைத்து ரேமை மிச்சப்படுத்தும். நல்ல பொருள், ஏராளமானவர்கள் வைத்திருந்தார்கள். 2020இல் அதை எழுதியவர் யாரென்று தெரியாத வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் அது தீங்கு நிரல் என்று சொல்லி கூகுள் நீக்கியது. நேற்று நல்லவர் கையில் இருந்தது இன்று யாரிடம் இருக்கிறது என்று பயன்படுத்துகிறவருக்கு யாரும் வந்து சொல்வதில்லை. அதனால்தான் ஒவ்வொன்றும் தேவையா என்று கேட்கச் சொல்கிறேன். பெயர் பார்த்தும் எதற்குப் போட்டோம் என்று நினைவுக்கு வராதவற்றை இன்றே நீக்குங்கள். ஆறு பிரவுசரை இரண்டாக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'அபவுட் பிராசஸஸ்' (about:processes) பக்கமும் க்ரோமில் டாஸ்க் மேனேஜரும் எந்த டேப் எவ்வளவு ரேம் தின்கிறது என்று காட்டும்.

இதையெல்லாம் செய்தும் மெதுவாக இருந்தால் லேப்டாப்பைப் பார்க்கலாம். அப்போதும் ரேம் எவ்வளவு என்பதோடு, பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். 4 ஜிபி ரேமோடு நான் ஒரு லேப்டாப் வாங்கினேன். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். திறந்து பார்த்தால் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி பிராசஸாக ஓட்டுகின்றன. க்ரோமில் 2018லும் ஃபயர்ஃபாக்ஸில் 2021லும் வந்த மாற்றம் இது, ரேமும் அதற்கேற்ப வேண்டும். 8 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு விண்ணப்பத் தளம் 'க்ரோமில் மட்டுமே இயங்கும்' என்று சொல்லி ஃபயர்ஃபாக்ஸை உள்ளேயே விடவில்லை. என்ன செய்வது?

பதில்: அவசரத்துக்குக் குரோமியம் போட்டு அந்த ஒரு வேலையை முடித்துவிடுங்கள். இப்படி மறிக்கும் தளங்களில் பல, பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்தும் வரியை மட்டும் பார்த்துவிட்டுத்தான் மறிக்கின்றன. அந்த வரியை மாற்றும் எக்ஸ்டென்ஷனைப் போட்டால் அதே ஃபயர்ஃபாக்ஸில் தளம் ஒழுங்காக ஓடும். அதாவது ஓடாத காரணத்தால் தடுக்கவில்லை, சோதித்துப் பார்க்கச் சோம்பல்பட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

இது எனக்கு நெடுநாள் ஆற்றாமை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இணையம் ஒரே பிரவுசருக்காக எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. 2001இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. உலகத்தில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எக்ஸ்ப்ளோரரில்தான் இருந்தார்கள். போட்டி இல்லை, எனவே அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. அந்த ஐந்து வருடமும் லினக்ஸ்காரர்களுக்குப் பல தளங்களின் கதவு மூடியே கிடந்தது. அதைத் திறந்ததில் 2004இல் வந்த ஃபயர்ஃபாக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்று பெயர்கள் நிறைய இருக்கின்றன. க்ரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓபரா. ஐந்துக்கும் உள்ளே இருப்பது பிளிங்க் என்ற ஒரே என்ஜின், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள்பகுதி. ஓபரா தன் சொந்த என்ஜினை 2013இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2020இல் எட்ஜை இதன் மேல் மாற்றிக்கட்டியது. அந்த பிளிங்க் எங்கிருந்து வந்தது தெரியுமா? லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஈ திட்டத்தின் கான்கரர் பிரவுசருக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய கேஹெச்டிஎம்எல். அதை எடுத்து ஆப்பிள் வெப்கிட் ஆக்கியது, வெப்கிட்டிலிருந்து 2013இல் கூகுள் பிளிங்கைப் பிரித்தது. லினக்ஸ்காரர்கள் இலவசமாகக் கொடுத்த விதையிலிருந்து வளர்ந்தது, லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவரை வாசலில் நிறுத்துகிறது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவிலும் எனக்குக் குறை உண்டு. அதன் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம். உங்கள் தரவை விற்க மாட்டோம் என்று திட்டவட்டமாக எழுதியிருந்த வாசகத்தை 2025 பிப்ரவரியில் எடுத்தார்கள், பயனர்கள் கொதித்தபின் விதிமுறைகளின் சொற்களைத் திருத்தினார்கள். ஆனாலும் லினக்ஸில் முழுவசதியோடு ஓடுகிற, வேறு என்ஜின் கொண்ட பிரவுசர் என்று எனக்குத் தெரிந்து அதுதான் இருக்கிறது. அதனால் அதையே என் டீஃபால்ட் ஆக வைத்திருக்கிறேன். நீங்களும் அந்த விண்ணப்பத் தளத்துக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். யாரும் புகார் சொல்லவில்லை என்பதைத்தான் அவர்கள் சாக்காகச் சொல்வார்கள்.

கேள்வி: உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் திறக்கவே நேரம் எடுக்கிறது. வேறு பிரவுசருக்கு மாறட்டுமா?

பதில்: பிரவுசரை மாற்ற வேண்டாம், அது வந்த பொட்டலத்தை மாற்றிப் பாருங்கள். 22.04 பதிப்பிலிருந்து உபுண்டு ஃபயர்ஃபாக்ஸை ஸ்நாப்பாக மட்டுமே தருகிறது. முதல் தடவை திறக்கும்போது மெதுவாக இருக்கும், ஆரம்பத்தில் இருந்ததைவிட இப்போது எவ்வளவோ பரவாயில்லை. பொறுமை இல்லையென்றால் மொசில்லாவே டெபியன், உபுண்டுவுக்கென்று நடத்தும் ரெப்போவிலிருந்து டெப் வகைப் பொட்டலத்தைப் போடலாம். அந்த ரெப்போவுக்கு முன்னுரிமை கொடுக்கும் படியைத் தாண்டிப் போகாதீர்கள், தாண்டினால் உபுண்டு மறுபடி ஸ்நாப்பைக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: படம் பார்க்கும் சேவை ஒன்றில் 4கே திட்டத்துக்குப் பணம் கட்டினேன். லினக்ஸ் லேப்டாப்பில் மங்கலாகத்தான் வருகிறது.

பதில்: உங்கள் இணைப்பிலும் லேப்டாப்பிலும் குறை இல்லை. நகலெடுப்பைத் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டு லினக்ஸ் பிரவுசர்களில் மென்பொருள் அளவில் மட்டுமே இயங்குகிறது. வன்பொருள் அளவில் பூட்டு இருந்தால்தான் பல சேவைகள் உயர்ந்த தரத்தைத் தரும். பிரவுசர் மாற்றினாலும் தீராது. திட்டத்தை விற்கும் பக்கத்தில் இதைப் பெரிதாகப் போடாமல் உதவிப் பக்கத்தின் அடியில் போடுவது நேர்மையில்லை. மீதித் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். டிவியிலும் பார்ப்பதில்லை என்றால் கீழ்த் திட்டத்துக்கு இறங்கிவிடுங்கள்.

கேள்வி: விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு 'வாழ்நாள் சந்தா' தள்ளுபடியில் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். வாழ்நாள் என்பது அந்தக் கம்பெனியின் வாழ்நாள். நான் வாங்கிய வாழ்நாள் விபிஎன் சேவை மூடியபோது ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. யூபிளாக் ஆரிஜின் இலவசம், எழுதியவர் நன்கொடைகூட வாங்குவதில்லை. பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத யூபிளாக் வேறு ஆட்களுடையது. க்ரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் 2025இலிருந்து இதன் முழு வடிவம் அங்கே ஓடாது, 'லைட்' வடிவம்தான். ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக ஓடுகிறது.

கேள்வி: க்ரோம் திறக்கும்போதெல்லாம் 'கீரிங்' பாஸ்வேர்ட் கேட்கிறது. காலியாக விட்டால் கேட்காது என்று ஒருவர் சொன்னார்.

பதில்: கீரிங் என்பது சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் பெட்டி, அதன் பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் அவையெல்லாம் பூட்டில்லாமல் கிடக்கும். கணினி பாஸ்வேர்ட் கேட்காமல் தானாக லாகின் ஆகும்படி வைத்திருப்பீர்கள். அதை நிறுத்துங்கள், இந்தக் கேள்வியும் நின்றுவிடும்.

கேள்வி: பழைய 32 பிட் கணினி. எந்த பிரவுசர் போட்டாலும் ஏறவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: 32 பிட் லினக்ஸுக்கு க்ரோம் 2016லேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் வழக்கமான பதிப்பு 144ஓடு நின்றது, அதன் பிறகு 32 பிட்டுக்கு மிஞ்சியது நீண்ட ஆதரவுப் பதிப்பான 140 மட்டும். அதற்கும் 2026 செப்டம்பர் வரைதான் மொசில்லா உறுதி சொல்லியிருக்கிறது. ஆனால் 32 பிட் என்பது கணினியா, அதில் போட்டிருக்கும் லினக்ஸா? டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) என்ற கட்டளையைக் கொடுங்கள். இயங்கு முறை (op-mode) என்ற வரியில் 64 என்றும் இருந்தால் ப்ராசஸர் நன்றாகத்தான் இருக்கிறது. 64 பிட் லினக்ஸ் ஒன்றை, எக்ஸ்எஃப்சிஈ போல எடை குறைந்த டெஸ்க்டாப்போடு நிறுவிப் பாருங்கள். 32 மட்டுமே இருந்தால் அதை இணையத்தில் சேர்க்காமல் எழுதவும் பாட்டு கேட்கவும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வேலைக்கு வேண்டாம்.