ராமென் கடையில் என்ன கேட்டு வாங்குவது?

கேள்வி: கொழும்பில் வேலை செய்யும் தோழிகள் வரும் போயாவுக்கு ஒரு பிரபலமான ஜப்பானிய ராமென் கடைக்குக் கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெக்கட் நூடில்ஸ்தான். மாடு, பன்றி சாப்பிடுவதில்லை. போகலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகப் போங்க தங்கச்சி. ராமென் என்பது சூப்பில் போட்டுத் தரும் ஜப்பானிய நூடில்ஸ், அந்த பெக்கட் நூடில்ஸே அதிலிருந்து வந்ததுதான், 1958இல் மொமொஃபுகு ஆண்டோ என்பவர் பொரித்து உலர்த்தி விற்க ஆரம்பித்தார்.

நீங்கள் பார்க்க வேண்டியது சூப்பைத்தான். தொன்கொட்சு என்றால் பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து வெள்ளையாக எடுப்பது, அதைத் தொடவே வேண்டாம். ஷோயு, ஷியோ, மிசோ என்பதெல்லாம் சோயா சோஸ், உப்பு, புளிக்க வைத்த சோயா விழுது என்று சுவைக்காகச் சேர்ப்பவை, அடியில் இருப்பது கோழியா பன்றியா மீனா என்பது கடைக்குக் கடை மாறும், அதனால் மேலே இறைச்சி வைக்காதீங்க என்று சொன்னால் மட்டும் போதாது, சூப் எதில் வைத்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். மரக்கறி ராமெனுக்கும் இதே கேள்விதான். கேட்க வெட்கப்பட என்ன இருக்கிறது, காசு கொடுப்பது நீங்கள்!

அப்புறம், கிண்ணம் வந்ததும் எல்லாருக்கும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், சூட்டில் நூடில்ஸ் ஊறிக் குழைந்துவிடும். உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடலாம், ஜப்பானில் அது மரியாதைக் குறைவே இல்லை. வெளியே வரிசை நின்றால் சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள், மிச்சக் கதையைக் காலிமுகத்திடலில் பேசலாம்.