கண்காட்சிக்குப் பன்றி: முதலில் காலைப் பாருங்கள்

கண்காட்சிக்குப் பன்றி தேர்ந்தெடுப்பது, வளர்ப்பது, களத்தில் நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: கொட்டிலில் நிறையக் குட்டிகள். எல்லாமே கொழுகொழுவென்று இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: கொட்டிலுக்குள் வைத்தே முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றாக வெளியே விட்டு, கெட்டியான தரையில் நடக்கவிடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னங்கால் பதிந்த இடத்தை ஒட்டியே பின்னங்காலும் வந்து பதிய வேண்டும். அடி குறுகலாக இருந்து, நடக்கும்போது முதுகு வில்லாக வளைந்து எழும்பினால் அந்தக் குட்டியை விட்டுவிடுங்கள். எடை ஏற ஏற அந்தக் குறை பெரிதாகத்தான் தெரியும்.

அடுத்தது, குளம்புக்கு மேலே உள்ள கணு. அது லேசாகச் சரிந்து, ஸ்பிரிங் போல அழுந்தி எழ வேண்டும். நெட்டுக்குத்தாக இருந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் மூட்டில்தான் இறங்கும். குனிந்து குளம்பையும் பாருங்கள். இரண்டு விரல்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். உள்விரல் ரொம்பச் சிறுத்திருந்தால் பாரம் முழுக்க வெளிவிரலில் விழும், பிறகு நொண்ட ஆரம்பிக்கும்.

இதெல்லாம் தேறிய பிறகு சதையைப் பார்க்கலாம். பின்னால் நின்று பார்த்தால் தொடை கீழ்வரை அகலமாக இறங்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு முதுகின் இருபுறமும் சதை திரண்டு, நடுவில் மெல்லிய பள்ளம் தெரிய வேண்டும். சதையைத் தீவனத்தால் ஓரளவு கூட்டிவிடலாம். எலும்பின் அமைப்பை யாராலும் மாற்ற முடியாது. அதனால்தான் காலிலேயே இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

கேள்வி: இனப்பெருக்கப் பிரிவுக்குப் பெண் குட்டி எடுக்கிறேன். கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

பதில்: குட்டியைப் புரட்டிக் காம்புகளை எண்ணுங்கள். பக்கத்துக்கு 6 இருந்தே ஆக வேண்டும், 7 இருந்தால் நல்லது. சம இடைவெளியில் இருக்க வேண்டும். உள்ளே அமுங்கிய காம்பு இருந்தால் வேண்டாம். பிறப்புறுப்பு வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல் மிகச் சிறிதாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: இப்போது 30 கிலோ. கண்காட்சிக்கு 100 நாள் இருக்கிறது. 115 கிலோ வருமா?

பதில்: 85 கிலோ ஏற வேண்டும், அதாவது நாளுக்கு 850 கிராம். நல்ல இனமும் நல்ல தீவனமும் இருந்தால் வரும், ஆனால் தாராளமான கணக்கு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். 50 கிலோ வரை தீவனத்தில் 18 சதவீத அளவுக்குப் புரதம் இருக்கட்டும், கடைசிக் கட்டத்தில் 14 முதல் 16 போதும். எடை பின்தங்கினால் குடற்புழு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முந்திப் போனால் தவிடு போன்ற நார்ச்சத்துள்ள தீவனத்தைச் சேர்த்து வேகத்தைக் குறையுங்கள். பட்டினி போடாதீர்கள். எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ரேக்டோபமைன் கொடுத்தால் சதை ஏறும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பல நாடுகளில் தடை செய்யப்பட்ட மருந்து அது. வேறு எந்த மருந்து கொடுத்தாலும், எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: களத்தில் விட்டதும் ஓடிவிடுகிறது. எப்படிப் பழக்குவது?

பதில்: கடைசி வாரத்தில் தொடங்கினால் நடக்காது. குறைந்தது ஆறேழு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் சில நாள் நடத்தவே வேண்டாம். தீவனம் தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து மென்மையான பிரஷால் முடி படிந்திருக்கும் திசையில் தேய்த்துவிடுங்கள். உங்கள் கை பட்டால் விலகாமல் நிற்கும் நிலை வந்ததும் வெளியே விடுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம்.

குச்சியை வலதுகன்னத்தில் லேசாகத் தொட்டால் இடப்பக்கம் திரும்ப வேண்டும், இடதுகன்னத்தில் தொட்டால் வலப்பக்கம். விலாவில் தட்டினால் முன்னே நடக்க வேண்டும். தொடையிலோ முதுகிலோ அடித்தால் சதை கன்றிப்போகும், அதைவிட மோசமாக உங்கள் மேல் அதற்கு இருந்த நம்பிக்கையும் போய்விடும். களத்தில் நடுவருக்கும் உங்களுக்கும் நடுவே பன்றி இருக்கட்டும், நீங்கள் மறைக்காதீர்கள்.

கேள்வி: வெயிலில் நடத்தினால் உடம்பு இறுகுமா?

பதில்: இல்லை, செத்துப்போகும். பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் திறன் இல்லை. விடியற்காலையில் நடத்துங்கள். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அங்கேயே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வெள்ளைத் தோல் பன்றிகளுக்கு வெயிலில் தோலும் வெந்துவிடும்.

கேள்வி: குளிப்பாட்டுவது?

பதில்: மென்மையான சோப்பு போதும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

கேள்வி: முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு?

பதில்: நேராகப் பழைய கொட்டிலில் சேர்க்காதீர்கள். பல பண்ணைகளின் பன்றிகள் கூடும் இடத்திலிருந்து வந்திருக்கிறது. குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள். மற்றவற்றுக்குத் தீவனம் போட்ட பிறகு கடைசியாக இதனிடம் போங்கள். பூட்ஸ், பக்கெட், பிரஷ் எல்லாவற்றையும் கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. ஒரு பன்றியோடு வந்தாலும் கொட்டிலையே காலி செய்துவிடும். இருமல், காய்ச்சல் தெரிந்தால் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பன்றிக்கு வரும் இன்ஃப்ளூயன்ஸா மனிதருக்கும் தொற்றும்.