கோடையில் கோல்ஃப் மைதானம்: எதைக் காயவிடலாம்?

கேள்வி: கோவை அருகே ஒன்பது குழி மைதானம் ஒன்றைப் பராமரிக்கிறேன். எல்லாம் பெர்முடா புல். போர் தண்ணீர் பாதியாகிவிட்டது. தினமும் சாயங்காலம் மைதானம் முழுக்கப் பத்து நிமிடம் ஸ்பிரிங்க்ளர் ஓட்டியும் கிரீன்கள் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) திட்டுத்திட்டாகக் காய்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் விட்டால் அது ஒரு மில்லிமீட்டர் பாசனம். வெயில் காலத்தில் பெர்முடாவுக்கு நாளுக்குச் சுமார் 4 மி.மீ. வேண்டும். கிரீன் ஒன்று 500 சதுர மீட்டர் என்று வைத்தால், ஒன்பதுக்கும் நாளுக்கு 18,000 லிட்டர். ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே உள்ள நீண்ட புல்வெளி) 5 ஹெக்டேர் இருந்தால் அதற்கு மட்டும் 2 லட்சம் லிட்டர். கிரீனுக்கும், முதல் அடி அடிக்கும் மேடையான டீக்கும் தாராளமாக விடுங்கள், ஃபேர்வே பழுப்பாகட்டும், ஓரத்தில் உயரமாக விட்ட புல்லான ரஃபை மறந்துவிடுங்கள்.

பயப்பட வேண்டாம். பெர்முடா நம் அருகம்புல்தான். கிரீனில் இருப்பது பெரும்பாலும் அதன் கலப்பின வகை. மேலே சருகானாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடு கிடக்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். வயலில் அருகு வெட்டி அலுத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஃபேர்வேயை நன்றாக நனைத்தால் போதும். ஆனால் காய்ந்த புல்மேல் வண்டி ஓடக் கூடாது, யூரியாவும் போடக் கூடாது. உறுப்பினர்கள் முணுமுணுத்தால் 2006 பிரிட்டிஷ் ஓப்பனை நினைவூட்டுங்கள்: இங்கிலாந்தின் ஹோய்லேக் மைதானத்தில் ஃபேர்வே எல்லாம் பழுப்பாக இருந்தது, டைகர் வுட்ஸ் நான்கு சுற்றிலும் சேர்த்து ஒரே ஒருமுறை டிரைவர் (பந்தை அதிக தூரம் அடிக்கும் மட்டை) எடுத்து வென்றார். காய்ந்த தரையில் பந்து உருண்டு ஓடும், ஆட்டம் சுவாரசியமாகவே இருக்கும்.

சாயங்காலப் பத்து நிமிடத்தை நிறுத்துங்கள். அது மேல்மண்ணைத்தான் நனைக்கும், வேரும் மேலேயே தங்கிவிடும். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும். விடியும் முன் ஓட்டுங்கள். அப்போது காற்றும் குறைவு. பகலில் விட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே பாதியைக் கொண்டுபோய்விடும். கிரீனுக்கு அடியில் இருப்பது மணல் என்பதால் வாரம் இருமுறை போதாது. தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, வேர் ஆழம் வரை இறங்கும்படி விடுங்கள். மண் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும்.

திட்டுகளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். கிரீனில் ஆங்காங்கே ஒரே அளவு டப்பாக்களை வைத்து, கால் மணி நேரம் ஸ்பிரிங்க்ளர் ஓட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். அளவு ஏறுக்குமாறாக இருந்தால் நாசிலைச் சரிசெய்யாமல் எவ்வளவு விட்டாலும் வீண். அளவு சரியாக இருந்தும் காய்கிறதா? அப்படியானால் மணல் தண்ணீரை ஏற்கவில்லை. காய்ந்த இடத்து மண்ணில் சொட்டு விட்டால் முத்தாக நிற்கும். அங்கே தோட்ட முள்கரண்டியால் துளையிட்டு, மண் தண்ணீரை ஏற்க உதவும் நனைப்பான் மருந்து தெளித்து, கைக் குழாயால் மெதுவாக நனையுங்கள். முழு கிரீனுக்கும் கூடுதலாகத் தண்ணீர் விட வேண்டியதில்லை.

கிரீன் வெட்டும் உயரத்தை அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரை ஏற்றுங்கள், பந்து உருளும் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. போர் இறங்க இறங்க உப்பும் ஏறலாம், தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சுத்திகரித்த கழிவுநீர் கிடைத்தால் வாங்கலாம். சோடியம் அளவை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மண்ணைத் தோண்டி எடுக்கும் துளையிடலை மழை பிடிக்கும் வரை தள்ளிப்போடுங்கள்.