கூடாரம் போடவா இவ்வளவு படிப்பு?

அன்புள்ள அம்மா,

"கட்டடக்கலை படித்துவிட்டுத் தார்ப்பாய்க் கொட்டகை போடப் போகிறேன் என்கிறாள்" என்று உங்கள் மகளைப் பற்றி எழுதி, இது மரியாதையான தொழிலா, கட்டடக்கலையா சிவிலா என்றும் கேட்டிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு, அவள் சொல்லும் பேரிடர் நிவாரணக் கூடாரம் என்ன என்பதை உங்களுக்குச் சரியாக விளக்கவில்லையோ என்று தோன்றியது. நிலநடுக்கமோ வெள்ளமோ வீட்டைக் கொண்டுபோன பிறகு, நிரந்தர வீடு எழும்பும்வரை ஒரு குடும்பம் மாதக்கணக்கில் தங்கவேண்டிய கூரை அது. சில இடங்களில் அது வருடக்கணக்காகவும் இழுத்துவிடும். லாரியில் மடங்கி ஏறவேண்டும், கிரேன் இல்லாமல் நாலு பேர் சேர்ந்தால் எழுந்து நிற்கவேண்டும், காற்றுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

அந்தக் காற்றுதான் பெரிய பாடம். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 56 கிலோ அழுத்தம் விழும். 20 சதுர மீட்டர் கூரை என்றால், அதன் வடிவத்தைப் பொறுத்து, ஒரு டன்னை ஒட்டிய விசை அதை மேலே பிடுங்கப் பார்க்கும். கொட்டகையின் மொத்த எடையோ நூறு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். மிச்சத்தைத் தரையில் அடிக்கும் முளையும் கயிறும் மண்ணும்தான் தாங்கியாக வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் முளை வெண்ணெயில் செருகிய கத்திபோல உருவிக்கொண்டு வந்துவிடும். இதையெல்லாம் கணக்குப்போட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அதற்குத்தான் படிப்பு.

முன்பு ஒரு மாணவன் கணினியில் வரைந்த ஒரு குவிமாடத்தை என்னிடம் காட்டினான். அழகென்றால் அப்படி ஓர் அழகு! எத்தனை வகை இணைப்புகள் என்று கேட்டேன். பதினொன்று என்றான். "இருட்டில், மழையில், ஒரு வகை போல்ட் மட்டும் பெட்டியில் வரவில்லை என்றால்?" என்றேன். பையன் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. இரண்டு மாதம் கழித்து இரண்டே வகை இணைப்போடு திரும்பி வந்தான்.

பொறியியலோடும் இது முடிவதில்லை. 1994இல் ருவாண்டா அகதிகளுக்குக் கூடாரம் போட பிளாஸ்டிக் விரிப்போடு அலுமினியக் குழாயும் கொடுத்தார்கள். மக்கள் குழாயை விற்றுக் காசாக்கிவிட்டு, மரத்தை வெட்டிக் கம்பு நட்டார்கள். காடு கரைந்தது. குழாய்க்குச் சந்தையில் நல்ல விலை இருந்ததே வினையாகிப்போனது. அங்கேதான் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் காகிதக் குழாயை முன்வைத்தார். மறுவருடம் ஜப்பானின் கோபே நகர நிலநடுக்கத்துக்குப் பிறகு, பீர் பாட்டில் அடுக்கும் பெட்டிகளில் மணல் நிரப்பி அடித்தளமாக்கி, காகிதக் குழாய்களால் சுவர் எழுப்பி வீடுகள் அமைத்தார். 2014இல் அவருக்குக் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. பாகிஸ்தானியக் கட்டடக் கலைஞர் யாஸ்மின் லாரி மூங்கிலையும் மண்ணையும் சுண்ணாம்பையும் கொண்டு, பாதிக்கப்பட்டவர்களே கட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். 2023இல் கட்டடக்கலைக்கான பிரிட்டனின் ராயல் கோல்டு மெடல் அவரைத் தேடி வந்தது. விருதுக்காகச் சொல்லவில்லை, அம்மா. "மரியாதையான தொழிலா?" என்று கேட்டிருந்தீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

கட்டடக்கலையா, சிவிலா? கணக்கில் பிடிப்பு இருந்தால் சிவில் எடுத்துக் கட்டமைப்புப் பொறியியல் பக்கம் போகட்டும். மனிதர்கள் ஓர் இடத்தில் எப்படிப் புழங்குகிறார்கள் என்பதில் ஆர்வம் அதிகமென்றால் கட்டடக்கலை. எதுவானாலும் இளநிலையில் முழுமையான, உரிமம் பெற வழியுள்ள பட்டமாக இருக்கட்டும். "பேரிடர்" என்று பெயரில் இருப்பதற்காக மட்டும் ஒரு படிப்பில் சேர்த்துவிடாதீர்கள். அந்தச் சிறப்புப் படிப்பை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகமும், பார்சலோனாவில் உள்ள கடலோனியா சர்வதேசப் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பெயர்பெற்றவை.

வருமானத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு, ஐ.நா. அகதிகள் முகமை போன்ற இடங்களில் தங்குமிட வல்லுநர் பணி உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, ஒப்பந்தம் பல நேரம் மாதக்கணக்குதான், அதற்கும் கள அனுபவம் கேட்பார்கள். ஆகவே இதையே முதல் வேலையாக நம்பி உட்கார வேண்டாம். இதே திறமைக்குச் சம்பளம் தரும் இடம் வேறு இருக்கிறது: விளையாட்டரங்கங்களில் துணிபோல இழுத்துக் கட்டும் சவ்வுக் கூரைகள், கண்காட்சிக் கூடங்கள், மேடை அமைப்புகள், சாரம் கட்டும் நிறுவனங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் இழுத்துக் கட்டிய கூரையில் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ கையாண்ட இயற்பியலும் நிவாரணக் கூடாரத்தின் இயற்பியலும் ஒன்றுதான். அங்கே சில வருடம் கை பழகட்டும். இடையிடையே தன்னார்வலராகக் களத்துக்குப் போய்வரட்டும்.

படிப்பில் சேர்க்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நிவாரணப் பணிக்கான ஸ்ஃபியர் கையேடு ஓர் ஆளுக்குக் கூரைக்கடியில் குறைந்தது 3.5 சதுர மீட்டர் தரைப் பரப்பு என்கிறது. ஐந்து பேருக்கு 17.5. தரையில் சாக்பீஸால் 3.5க்கு 5 மீட்டர் கட்டம் போடச் சொல்லுங்கள். உள்ளே ஐந்து பாய், துணிமூட்டை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் அவளே அடுக்கட்டும். அடுக்கி முடித்ததும், வயதுக்கு வந்த பெண் இதற்குள் எங்கே உடை மாற்றுவாள் என்று கேளுங்கள். அவள் கட்டத்தை அழித்துவிட்டு மறுபடி வரைய உட்கார்ந்தாளா, எழுந்து போய்விட்டாளா என்று எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.